கதவு எண்ணாதவர்கள்

ஓர் ஊரில் ஒரு மைதானம் இருந்தது. அதற்கு முன்பக்கம் ஒரு கதவும் பின்பக்கம் ஓர் ஓட்டையும் இருந்தன.

கதவு புதியது. மூன்று இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் சுழல்கதவு. யாராவது ஒரு கையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் 'டக்' என்று சத்தம் வரும். அதன் நெற்றியில் உள்ள எண்ணில் ஒன்று கூடும். பக்கத்திலேயே விளையாட்டுக்கு ஒன்றாகப் பொத்தான்கள் இருந்தன. கிரிக்கெட் ஆட வந்தவர் கிரிக்கெட் பொத்தானையும், நடக்க வந்தவர் நடைப் பொத்தானையும் அமுக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். ஊரில் எத்தனை பேர் விளையாட வருகிறார்கள், வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக அதை வாங்கி வந்து, ரிப்பன் வெட்டி, மாலை போட்டு, மெயின்ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அன்று கழுத்தில் விழுந்த மாலையைக் கதவு மறக்கவே இல்லை. பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் தொங்கிய காலத்திலும் அது விறைப்பாகத்தான் நின்றது.

ஓட்டை பழையது. ஒரு மழைக்காலத்தில் பின்சுவர் கொஞ்சம் சரிந்ததில் உண்டானது. ஆள் குனிந்து நுழையலாம். அந்தப் பக்கம் ஒரு தெருவும், தெருவுக்கெல்லாம் பொதுவான ஒரு குப்பைத்தொட்டியும் இருந்தன. ஓட்டைக்கு யாரும் மாலை போடவில்லை. போட்டால் எங்கே மாட்டுவது?

ஓட்டைக்குப் பக்கத்தில், மைதானத்தின் மூலையில், இரண்டு கம்பங்களை நட்டு நடுவே ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறப்பதுதான் வளையத்தின் வேலை. நம்முடைய கதை இந்த வளையத்தைப் பற்றியதுதான்.

அது ஒரு சிவப்பு ரப்பர் வளையம். எப்போதோ வளையப்பந்துப் போட்டிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போனது. வெயிலில் சாயம் போய், புல்லுக்குள் எறும்புகளுக்கு மதிலாகக் கிடந்தது. அப்படியே மட்கிப் போயிருக்கும். ஒரு சாயங்காலம் பின்தெரு ஆவுடையம்மாள் குப்பை கொட்ட வந்தாள். அவள் கையிலிருந்து வாளிமூடி நழுவி, ஓட்டை வழியாக மைதானத்துக்குள் உருண்டு ஓடியது. அதைப் பிடிக்கக் குனிந்து உள்ளே வந்தவள் கண்ணில் வளையம் பட்டது.

ஆவுடை அதை எடுத்துப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. மேலே எறிந்து பிடித்தாள். இன்னொரு தடவை எறிந்து, கொஞ்சம் ஓடிப் பிடித்தாள். பிடித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள்.

எத்தனையோ பிள்ளைகள் வளையத்தைப் பிடித்திருக்கிறார்கள். கப்பு வாங்கியவர்கள்கூட உண்டு. ஆனால் பிடித்ததற்காக ஒருத்தி இப்படிச் சிரித்து வளையம் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்திலேயே அது அவளுடையதாகிவிட்டது.

மறுநாள் ஆவுடை தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜெபக்கனியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, சும்மா எறி. நான் புடிக்கேன்."

"யாராவது பாத்தா என்னக்கா நெனைப்பாவ?"

"இங்கன யாரு இருக்கா? காக்காதான் இருக்கு. எறிட்டி."

ஜெபக்கனி எறிந்தாள். அதற்கடுத்த வாரம் இன்னும் இருவர் வந்தார்கள். யாரோ வீட்டிலிருந்து கொடிக்கயிறு கொண்டுவந்து கட்டினார்கள். இன்னும் சிலர் வந்தார்கள். யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை, மைக் வைத்துக் கூப்பிடவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் ஆள் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் "அடுத்தது நாங்க" என்று சுவரோரம் காத்து நிற்க ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் நைட்டியோடுதான் வந்தார்கள். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு குப்பைவாளி. குப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலி வாளியோடு ஓட்டைக்குள் குனிந்து நுழைவார்கள். வாளிகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டம் தொடங்கிவிடும். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு வாளிகளைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு, ஒவ்வொருவராக வெளியே போவார்கள்.

வளையத்துக்கு ஒவ்வொரு கையும் அத்துப்படி. ஜெபக்கனியின் கையில் தையல்மிஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். ஆவுடையின் கை பாத்திரப் பொடியால் சொரசொரத்துப் போயிருக்கும். ஆனால் அந்தக் கை வளையத்தைத் தவறவிட்டது அபூர்வம். வீட்டில் அவள் சத்தம் டிவி சத்தத்தைத் தாண்டாது என்று ஜெபக்கனி கேலி செய்வாள். இங்கே அவள் "என் பாயின்ட்டு!" என்று கத்தினால் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வளையம் காலையிலிருந்து காத்துக் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் கதவு குரல் கொடுத்தது.

"ஏ வளையம்! உனக்கு ஒரு செய்தி. நல்ல செய்தி இல்லை."

"சொல்லு."

"மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி மாசிலாமணி சார் இப்போதுதான் என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். எல்லா விளையாட்டுக்கும் பொத்தான் தேய்ந்துபோய்விட்டது. வளையப்பந்துப் பொத்தானில் மட்டும் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. யாருமே ஆடாத மூலை எதற்கு என்று கேட்டார். கம்பங்களைப் பிடுங்கிவிட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடப் போகிறார்கள்."

வளையம் இடைமறித்தது. "யாருமே ஆடவில்லையா? தினமும் சாயங்காலம் இங்கே நடப்பது உனக்குத் தெரியாதா?"

"சத்தம் கேட்கிறது. ஆனால் ஒருத்தியும் என்னைத் தள்ளிக்கொண்டு வரவில்லையே. என்னைத் தள்ளாமல் ஒருவர் உள்ளே வந்தால் அவர் வரவே இல்லை என்றுதான் அர்த்தம்."

"காலையில் ஒரு பெரியவர் வருகிறாரே, டீக்கடைக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருப்பாரே, அவரை?"

"ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன். டீ குடித்துவிட்டு வந்தாலும் வந்ததுதானே."

"நேற்று ஓர் ஆடு வந்ததே?"

"தள்ளியது. எண்ணினேன்." கதவு கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எனக்கு எத்தனை என்று தெரியும். யார் என்று தெரியாது. அது என் வேலையும் இல்லை."

"எனக்கு யார் என்று தெரியும்" என்றது வளையம். "எத்தனை என்று கேட்டால்தான் தெரியாது. கதவே, எனக்காக அவர்களையும் சேர்த்துக்கொள்ளேன். ஆவுடையை மட்டுமாவது சேர்த்துக்கொள்."

"அதெப்படி முடியும்? அவள் என் வழியாக வரட்டும். சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்கிறேன்."

வளையம் ஓட்டையைக் கேட்டது. "கேட்டாயா? இவர்கள் ஏன் உன் வழியாகவே வருகிறார்கள்? முன்னால் அவ்வளவு பெரிய வாசல் இருக்கிறதே."

ஓட்டை அதிகம் பேசாது. அன்று பேசியது.

"நீ அவர்களை உள்ளே வந்த பிறகுதான் பார்க்கிறாய். நான் அந்தப் பக்கத்தையும் பார்க்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது எனக்குக் கேட்கும். 'குப்பை கொட்டப் போயிட்டு வாரேன்.' எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு வீட்டில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. குப்பைத்தொட்டி என் பக்கத்தில் இருக்கிறது. அதனால் வருகிறார்கள்."

"அது வெறும் சொல்தானே. அவர்கள் இங்கே ஆடுகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் நல்லதுதானே? கப்பு வாங்குகிறவர்களுக்கு மேலே ஆவுடை ஆடுகிறாள். பார்த்தால் எல்லோரும் கைதட்டுவார்கள்."

"கைதட்டுவார்களோ என்னவோ. அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடாதே."

காட்டிக்கொடுப்பதா! வளையத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருந்தால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஸ்கூட்டருக்கு நடுவில் நின்று அவர்கள் என்ன ஆடுவார்கள்? நீ இருந்து என்ன பிரயோஜனம்?"

வளையம் சொன்னதும் நியாயம்தானே. இந்தக் கதையில் வளையத்தின் மேல் கோபப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணெதிரே ஆபத்து நிற்கும்போது, பேசாமல் கிட என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

இரண்டு நாள் கழித்து, ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரம். மாசிலாமணி சார் கையில் டேப்போடு மைதானத்துக்குள் வந்தார். ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு எங்கிருந்து எதுவரை என்று அளக்க வந்திருந்தார். வேப்பமரம் மறைத்ததால் பெண்கள் அவரைப் பார்க்கவில்லை. மேலே பறந்த வளையம் பார்த்துவிட்டது.

ஆவுடை எறிந்தது அருமையான எறி. ஜெபக்கனி கையை விரித்தபடி சரியான இடத்தில்தான் நின்றாள். வளையம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தானாகவே ஒரு கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்து, நிமிர்ந்து, உருள ஆரம்பித்தது.

"ஏட்டி, கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?" என்று ஆவுடை கத்துவது பின்னால் கேட்டது. வளையம் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மரத்தைச் சுற்றி, நேராகப் போய் மாசிலாமணி சாரின் செருப்பில் முட்டி விழுந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். கொடிக்கயிற்றையும், இரண்டு பக்கமும் நின்ற பெண்களையும், சுவரோரம் இருந்த வாளிகளையும் பார்த்தார். பெண்கள் சிலையாகிவிட்டார்கள். இடுப்பில் இருந்த துண்டுகள் அவசர அவசரமாகத் தோளுக்கு ஏறின.

"யாரும்மா நீங்கள்லாம்? இங்க என்ன பண்றீங்க?"

ஆவுடைக்கு வாயில் வந்தது பழகிப்போன வாக்கியம்தான். "குப்பை கொட்ட வந்தோம் சார்."

மாசிலாமணி சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஊர்க்காரர்கள் ஓடியாடி விளையாட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர். அதற்காக மேலிடத்தில் சண்டை போட்டுக் கதவை வாங்கி வந்தவர். அந்த மூலையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"எத்தனை நாளாம்மா இது நடக்குது? எனக்குத் தெரியாமப் போச்சே! நான் பொம்பளைங்க யாரும் விளையாட வர்றதில்லன்னு ரிப்போர்ட் எழுதிட்டு இருக்கேன். நீங்க இங்க ஒரு டீமே வச்சிருக்கீங்க. எந்த வழியா வர்றீங்க?"

ஜெபக்கனியின் கண் தன்னை அறியாமல் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

"அடடா, இந்த ஓட்டை வழியாவா? ஏம்மா, திருடங்க மாதிரி இப்படிக் குனிஞ்சு நுழையணும்? மைதானம் உங்களுக்கும் சொந்தம்தானே? நாளையிலேருந்து கேட் வழியா வாங்க. நாலு பேர் பாக்க, தலை நிமிர்ந்து வாங்க. ஸ்கூட்டர் ஸ்டாண்டெல்லாம் கிடையாது. கோர்ட் போட்டுத் தர்றேன். நல்ல வலை, லைட்டு, டீ-ஷர்ட்டு எல்லாம் தர்றேன். நீங்க எனக்குச் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொத்தானை அமுக்கிட்டு வாங்க. உங்க கணக்கு வந்தாத்தான் நான் மேல கேட்டு வாங்க முடியும்."

அவர் வளையத்தை ஆவுடையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் கை நடுங்கியது. வளையம் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டது. பாவம், கைகளை அவ்வளவு நன்றாகத் தெரிந்த வளையம், அந்த ஒரு நடுக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டது.

"சார்" என்றாள் ஆவுடை. குரல் டிவி சத்தத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது. "கோர்ட்டெல்லாம் வேண்டாம் சார். அந்த ஓட்டை மட்டும்… அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போவட்டும் சார்."

"அதெப்படிம்மா? ஓட்டை இருந்தா ஆடு மாடு வரும். கணக்கும் தப்பாப் போகும். நீங்க கவலையே படாதீங்க."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது? நைட்டியோடு மெயின்ரோட்டில் டீக்கடையைத் தாண்டி வர முடியாது என்பதையா? சேலை மாற்றினால், எங்கே போகிறாய் என்று மாமியாரும் புருஷனும் கேட்பார்கள் என்பதையா? நல்ல மனுஷன் ஒருவர் சிரித்த முகத்தோடு எதிரே நிற்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "சரி சார்" என்றாள். எல்லோரும் "சரி சார்" என்றார்கள். தெருவிளக்கு எரிவதற்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் வளையத்தைப் புல்லில் போட்டுவிட்டு, வாளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே கொத்தனார் வந்தார். சிமென்ட் கல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. வெளிச்சம் கீழிருந்து குறைந்துகொண்டே வந்தது.

"என் மேல் கோபமா?" என்று வளையம் கேட்டது.

"கோபம் எதற்கு? நீ அவர்கள் மேல் வைத்த பிரியத்தால்தானே செய்தாய்" என்றது ஓட்டை. அதன் குரல் இப்போது மேலேயிருந்து வந்தது. "ஒன்று மட்டும் சொல். இனி அவர்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவார்கள்?"

வளையம் யோசித்தது. அது பதில் கண்டுபிடிப்பதற்குள் கடைசிக் கல்லை வைத்துப் பூசிவிட்டார்கள்.

சொன்ன சொல்லை மாசிலாமணி சார் காப்பாற்றினார். ஒரே வாரத்தில் தரையைச் சமப்படுத்தி, வெள்ளைக்கோடு போட்டு, கொடிக்கயிறு இருந்த இடத்தில் புது வலை கட்டினார். கம்பத்துக்குக் கம்பம் லைட் வந்தது. பெட்டி பிரிக்காத புது வளையங்கள் வந்தன. முதுகில் 'மகளிர் விளையாட்டு' என்று அச்சடித்த மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டன. கதவு வளையப்பந்துப் பொத்தானிலிருந்த சிலந்தி வலையைத் துடைக்க மைதானத்து வாட்ச்மேன் வருவார் என்று காத்திருந்தது.

அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. சேலை மாற்ற நேரம் ஆகும் என்று வளையம் சொல்லிக்கொண்டது. மறுநாளும் வரவில்லை. வீட்டில் விசேஷம் ஏதாவது இருக்கும் என்று சொல்லிக்கொண்டது. அதற்கடுத்த நாள் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் அவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் வரை. அதே நேரத்துக்கு வாளிகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் யாரும் நகர மாட்டார்கள். பிறகு குப்பை கொட்டும் சத்தம், திரும்பிப் போகும் செருப்புச் சத்தம்.

ஒரு நாள் அங்கேயிருந்து பேச்சு வந்தது.

"ஏட்டி ஜெபக்கனி, சுத்திப் போவமா? கேட்டு வழியா?"

"போலாம்க்கா. வீட்ல என்னன்னு சொல்லிட்டுப் போறது?"

"வெளாடப் போறேன்னு சொல்லு."

ஜெபக்கனி சிரித்தாள். ஆவுடையும் சிரித்தாள். இன்னும் யார் யாரோ சேர்ந்து சிரித்தார்கள். "எம் மாமியா மயக்கம் போட்டு விழுந்துருவா", "எங்க வீட்டு மனுசன் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்று ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சுவரே அதிர்ந்தது. பழைய சிரிப்பு திரும்பிவிட்டது என்று வளையம் ஒரு நிமிஷம் தலைகால் புரியாமல் இருந்தது.

பிறகு சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது. கடைசியாக ஆவுடையின் சிரிப்பும் நின்றது.

"சரிட்டி. அடுப்புல ஒல வச்சிட்டு வந்தேன்" என்றாள்.

வாளிகள் போயின. அன்றைக்கு மேல் அவர்கள் சேர்ந்து வரவில்லை. தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் வந்து குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். சேர்ந்து வருவதற்கு இப்போது காரணம் இல்லை.

வளையத்துக்கு அப்போதுதான் புரிந்தது. நானே கெடுத்தேன், நானே உருண்டு போய்க் காட்டிக்கொடுத்தேன் என்று அது சுவரைப் பார்த்துச் சொன்னது. சுவர் புதுசு. அதற்கு ஒன்றும் தெரியாது.

மைதானத்தின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. லீவு விட்டார்கள், கிரிக்கெட் கோச்சிங்குக்குப் பிள்ளைகள் குவிந்தார்கள். புது லைட்டைப் பார்க்க ஆள் வந்தது. வரும் பிள்ளைகள் எல்லாப் பொத்தான்களையும் சும்மா விளையாட்டாக அமுக்கிவிட்டு ஓடினார்கள். வளையப்பந்துப் பொத்தானும் பளபளவென்று ஆகிவிட்டது. ஆண்டு முடிவில், விளையாட வருவோர் மிக அதிகமாகக் கூடிய மைதானம் இதுதான் என்று கேடயம் கொடுத்தார்கள்.

மாசிலாமணி சார் கேடயத்தைக் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் வைத்தார். அதற்குக் கீழே ஓர் ஆணியில் பழைய சிவப்பு வளையத்தை மாட்டினார். "இதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்" என்று வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு மூலையைப் பார்த்து, "என்னப்பா, கோர்ட்டு காலியாக் கிடக்கு? அந்தப் பொம்பளைங்க வர்றாங்கள்ல?" என்று கேட்டார்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "நான் பாக்கல சார்."

சார் கதவின் எண்ணைப் பார்த்தார். வளையப்பந்து என்ற வரிசையில் எண் நிறைய இருந்தது. அவர் முகம் தெளிந்துவிட்டது. "வர்றாங்கப்பா. நாம இல்லாத நேரத்துல வர்றாங்க போல. வெக்கப்படுவாங்கள்ல."

அவர் போன பிறகு வளையம் கதவிடம் கேட்டது. "அவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"நான் எண்ணை மட்டும்தான் சொல்வேன்" என்றது கதவு. அதன் குரலில் பழைய விறைப்பு இல்லை. "சாயங்காலமானால் அந்த மூலையிலிருந்து ஒரு சத்தம் வருமே, காக்கை பறக்குமே. அது இல்லாமல் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது" என்றது.

ஆணியில் தொங்கிய வளையத்துக்கு இப்போது மெயின்ரோடு தெரிந்தது. போகிற வருகிற பெண்களையெல்லாம் அது பார்த்தது. எந்த முகம் ஆவுடை என்று அதற்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நைட்டியும் துண்டும் சிரிப்புமாகத்தான் அது அவளை அறிந்திருந்தது. ரோட்டில் நடப்பவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, மடித்துக் குத்திய முந்தானையோடு, பையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகொரு சாயங்காலம். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்த வழியாக வந்தார்கள். கையில் தாம்பூலப்பை. அவர் டீக்கடையில் யாரையோ பார்த்துப் பேச நின்றுவிட்டார். அவள் ரோட்டை விட்டு ஒதுங்கிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. வளையம் அவளைச் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் தலையைத் தூக்கிக் கேடயத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஆணியைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். இரும்புக் கைகளுக்கு மேலே எட்டி ஒரு விரலால் வளையத்தைத் தொட்டாள். பாத்திரப் பொடியால் சொரசொரத்துப் போன விரல்.

வளையம் ஆணியில் ஆடியது. கீழே விழ முடிந்தால் விழுந்திருக்கும். உருண்டு அவள் காலடிக்குப் போயிருக்கும். இந்த ஒரு தடவை சரியான காலடிக்கு.

"உள்ளே வா" என்றது கதவு. அது யாரையும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "தாயே, ஒரே ஒரு எட்டு. நான் இப்போது இடக்குப் பண்ணவே மாட்டேன்."

பொருள்கள் பேசுவது மனிதர்களுக்குக் கேட்காது. ஆனாலும் அவள் மைதானத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தூரத்து மூலையில் லைட் எரிந்தது. வலை தெரிந்தது. சுத்தமான வெள்ளைக்கோடுகளின்மேல் ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டினாள். வயிறு இரும்புக் கையில் பட்டது. கை மெல்ல நகர்ந்தது. 'டக்' என்று சத்தம் வந்தது.

"ஏய், அங்க என்னத்தப் பாக்க?" டீக்கடையிலிருந்து குரல் வந்தது.

அவள் சட்டென்று பின்னால் வந்தாள். வளையத்தில் தூசி படிந்திருந்த இடத்தில் அவள் விரல் தடம் இருந்தது. அந்தத் தூசியை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

தாம்பூலப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, புருஷனுக்கு இரண்டடி பின்னால் நடந்து போனாள். திருப்பத்தில் மறையும்வரை வளையம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.

வளையம் கதவிடம் கேட்டது.

"சத்தம் கேட்டதே. எண்ணிவிட்டாயா?"

"கை நகர்ந்துவிட்டது. எண் ஏறிவிட்டது."

"அவள் உள்ளே வரவே இல்லையே. அழித்துவிடேன்."

"எனக்குக் கூட்டத்தான் தெரியும்" என்றது கதவு.

அன்று அந்த மைதானத்துக்கு விளையாட வந்தவர்களின் கணக்கில், முதல்முறையாக ஆவுடையும் ஒருத்தி.